கார் அடிக்கடி சூடாகுதா? ‘எப்போ’ன்னு கவனிங்க!

தாம்பரம் டிராஃபிக்ல நிக்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, செங்கல்பட்டு தாண்டி வேகம் எடுத்ததும் இறங்குதா? முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேலதான். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விச்சிடும். நின்னா ஃபேன்தான் கதி. ஏ.சி-யைப் போட்டுட்டு பானெட் பக்கம் காது கொடுங்க. பெரும்பாலான கார்கள்ல ஃபேன் உடனே சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு எலெக்ட்ரீஷியன் பார்த்துடுவார். பெரிய செலவு இல்லை.

ஹைவேயில் மட்டும் சூடாகுதுன்னா கதையே வேற. கூலன்ட் குறைவு, அடைச்ச ரேடியேட்டர், சரியா திறக்காத தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்... இவற்றைப் பார்க்கச் சொல்லுங்க.

பயப்பட வேண்டியது இன்னொண்ணு. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகலை; ஆனா கூலன்ட் குறைஞ்சுகிட்டே இருக்கு. கூடவே இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸர்ல விடாம வெள்ளைப்புகை, ஆயில் பால் காபி நிறம்னா, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ‘வீடு வரைக்கும்தானே’ன்னு ஓட்டாதீங்க. சிலிண்டர் ஹெட் வளைஞ்சா பில் எகிறிடும்.

முள் சிவப்பைத் தொட்டா ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்தா, கொதிக்கிற கூலன்ட் முகத்துல பீய்ச்சி அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறட்டும். அதுவரை டீ குடிங்க!