பழைய வீடியோ சீடி ஓடவில்லையா? வீசிவிடாதீர்கள்!

மகளின் சடங்கு, மகனின் கல்யாணம், மாசி மாதத்துக் காமன் கூத்து, தாத்தா பேரப்பிள்ளையோடு பேசியது… இப்படி எத்தனையோ விஷயங்களை வீடியோக்காரர் சீடியிலும் டிவிடியிலும் பதிந்து கொடுத்தார். இன்று அதை எடுத்துப் போட்டால் "நோ டிஸ்க்" என்று வருகிறது. இல்லாவிட்டால் படம் துண்டு துண்டாக நிற்கிறது. "கெட்டுப்போச்சு" என்று உடனே வீசிவிட வேண்டாம். பல தட்டுகளில் படம் இன்னமும் உள்ளேதான் இருக்கும்.

கம்பனியில் அச்சடித்த சினிமாத் தட்டில் படம் மிக நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கும். கம்பியூட்டரில் பதிந்த தட்டு அப்படியல்ல. அதில் ஒரு சாயப்பூச்சு உண்டு. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. வெயிலும் ஈரமும் பட்டால் சாயம் கெடும். ஒரே பிளேயரில் சினிமா ஓடி, கல்யாண வீடியோ ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

1. வேறு தட்டு ஒன்றைப் போடுங்கள். அதுவும் ஓடாவிட்டால் பிழை பிளேயரில்தான். அடுப்புப் புகையும் தூசியும் லென்ஸில் படிந்திருக்கலாம்.

2. தட்டை வேறு பிளேயரிலும், முடிந்தால் கம்பியூட்டரிலும் போடுங்கள். வீசிடி பிளேயர் டிவிடியைப் படிக்காது. வீட்டில் பதிந்த தட்டுகளைச் சில பழைய டிவிடி பிளேயர்களும் படிக்கமாட்டா.

3. நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. குளிரில் கிடந்த பிளேயரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துப் போடுங்கள்.

4. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். பதிவு வட்டமாக ஓடுவதால், அதன் வழியே கீறல் விழுந்தால் சேதம் அதிகம். பெற்றோல், தின்னர் கூடவே கூடாது.

5. தொடக்கம் நன்றாக ஓடி, கடைசியில் நிற்கிறதா? படம் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. விரல் அழுக்குப் படுவதும் விளிம்பில்தான். அங்கே கவனமாகத் துடையுங்கள்.

6. பதிந்த மெஷினில் ஓடி, வேறு எதிலும் ஓடாத டிவிடி "பைனலைஸ்" செய்யாததாக இருக்கலாம். அதே மெஷினில் போட்டு அதைச் செய்யலாம்.

சீடியில் பெயர் எழுதிய பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும். பதிவு அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் படம் போனதுதான். ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். தட்டை உறையில் போட்டு, வெயிலும் கூரை ஒழுக்கும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

ஒருமுறை ஓடிவிட்டால் சும்மா இருந்துவிட வேண்டாம். அடுத்த தடவை ஓடுமென்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கே கம்பியூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு பென்டிரைவுக்கு மாற்றுங்கள். ஒரு வீசிடியில் 74 நிமிடப் படமும், சாதாரண டிவிடியில் 4.7 ஜீபியும் அடங்கும். 16 ஜீபி பென்டிரைவில் நிறைந்த டிவிடி மூன்றை வைக்கலாம். ஒரு பிரதி வீட்டிலும் இன்னொன்று கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடமும் இருக்கட்டும். கல்யாணப் படத்தை இனி எடுக்க முடியாது, தாத்தாவின் குரலையும்தான்.