வெயிலுக்கும் வாடைக்கும் கோழிக்கூடு

மாத்தளை மாவட்டத்தின் வடக்கிலுள்ள தம்புள்ளை, கலேவெல போன்ற உலர்வலயப் பகுதிகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயிலில் காய, நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய ஊர்கள் வடகீழ்ப் பருவமழையில் ஈரக் குளிரைத் தாங்குவதால், கோழிக்கூட்டுக்கு ஒரே அமைப்பு மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது.

ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் உடல்வெப்பம் கொண்ட கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அலகைத் திறந்து, தொண்டை துடிக்க இரைத்து, மூச்சுப்பாதையின் ஈரத்தை ஆவியாக்கியே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகும்போது அவ்வழியும் அடைபடுவதால், வெறும் வெயிலைவிடப் புழுக்கமே கொடியது. எனவே உலர்வலயத்தில் கூட்டின் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்து, தாழ்ந்த சுவருக்கு மேல் கம்பிவலை அடித்து, தகரக் கூரையின்மேல் கிடுகு பரப்புவது நன்று. செரிமானமும் உடலில் சூட்டை உண்டாக்குவதால், தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் இட்டு, நண்பகலில் குளிர்ந்த நீரைத் தாராளமாக வைக்க வேண்டும்.

மலைப்பக்கத்தில் நேரும் பெரும் பிழை, குளிருக்கு அஞ்சிக் கூட்டை முழுவதும் சாக்கால் மூடிவிடுவதாகும். அப்போது எச்சத்திலிருந்து எழும் அமோனியா, அதாவது கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு, உள்ளேயே தேங்கி நோய்க்கு வழிவிடுகிறது. சாக்கைக் கீழ்ப்பகுதியில் கட்டி, கூரையோரம் இடைவெளி விடுவதே முறை. தரையில் பரப்பிய உமியை ஒரு பிடி எடுத்து அழுத்தும்போது, அது உதிராமல் உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது. அன்றே மாற்ற வேண்டும். முதல் வாரக் குஞ்சுகளுக்கு மட்டும் மின்குமிழின் கீழ் 32 முதல் 35 பாகை வெப்பம் தேவை.