உங்களுக்குத் தெரியுமா? குடல் சுவருக்குள் காற்று!

குடலுக்குள் காற்று இருப்பது இயல்பு. குடலின் சுவருக்குள்ளேயே காற்று புகுந்துவிட்டால் அது பெரும் ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம். குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் குடல் அழுகல் நோயில் இதைப் பார்க்கலாம். நைந்த சுவருக்குள் நுழையும் கிருமிகள் பாலைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குகின்றன. எக்ஸ்ரே படத்தில் அது கடுகு கடுகான குமிழ்களாகத் தெரியும்; சில இடங்களில் தண்டவாளம் போல இரட்டைக் கோடாக ஓடும்.

சித்தேரி, வத்தல்மலை போன்ற தருமபுரி மலையூர்களில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்: குறைமாதக் குழந்தைக்கு வயிறு உப்பி, பச்சையாக வாந்தி வந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, வசம்பு உரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இந்நோய் வருவது குறைவு. பெற்ற தாய்க்குப் பால் சுரக்காவிட்டாலும் வழி உண்டு: பிற தாய்மார் தானமாகத் தரும் பாலை வழங்கும் தாய்ப்பால் வங்கிகள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தொடங்கிவிட்டது.