அடுத்த கோப்பை யாருக்கு? லேக்கர்ஸ் - செல்டிக்ஸ் பங்காளிச் சண்டை!

2025-ல் ஒருவருக்கு வயது 27. காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தார். இன்னொருவருக்கு வயது 40. ஓய்வு பெற மறுத்தார். அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்தில் பரம வைரிகளான பாஸ்டன் செல்டிக்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிகளின் எதிர்காலம் அப்போது இந்த இருவரைச் சுற்றித்தான் பேசப்பட்டது.

இரு அணிகளும் இதுவரை 12 முறை இறுதிப்போட்டியில் மோதியிருக்கின்றன. 9 முறை பாஸ்டன், 3 முறைதான் லேக்கர்ஸ். 1959-ல் தொடங்கிய இந்தப் பகையில், முதல் 8 இறுதிப்போட்டிகளிலும் லேக்கர்ஸுக்குத் தோல்விதான். மேஜிக் ஜான்சன் வந்த பிறகு, 1985-ல்தான் அந்தச் சாபம் தீர்ந்தது.

2020-ல் லேக்கர்ஸ் 17-ஆவது கோப்பையை வென்று பாஸ்டனை எட்டிப் பிடித்தது. 2024-ல் பாஸ்டன் 18-ஐத் தொட்டு மறுபடி முந்திக்கொண்டது. அந்த இறுதிப்போட்டியில் தோற்றது டல்லாஸ். அதன் நட்சத்திரம் லூகா டோன்சிச். எட்டே மாதத்தில், 2025 பிப்ரவரியில், அந்த லூகாவை லேக்கர்ஸ் தூக்கியது! பாஸ்டனிடம் கோப்பையைப் பறிகொடுத்தவரை வைத்தே பாஸ்டனைச் சமன் செய்ய வேண்டும். இதுதான் லேக்கர்ஸின் கணக்கு.

பாஸ்டனுக்கு விழுந்த அடி

2025 மே மாதம், நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான ஆட்டம். 42 புள்ளிகள் குவித்திருந்த ஜேசன் டேட்டம், பந்துக்காகப் பாய்ந்தபோது சுருண்டு விழுந்தார். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநார் கிழிந்துவிட்டது. சரியாகிக் களம் திரும்ப ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும் காயம் இது.

அதோடு நிற்கவில்லை. ஜூரூ ஹாலிடே போர்ட்லேண்டுக்கும், போர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். சாம்பியன் அணியைக் கலைத்தது ஏன்? காரணம் பணம்தான். ஆனால், அணியிடம் பணம் இல்லாமல் அல்ல. 2025-ல் பாஸ்டன் அணி கைமாறிய விலை 610 கோடி டாலர்!

சிக்கல் 2023-ல் வந்த சம்பள விதிகளில் இருக்கிறது. மொத்தச் சம்பளம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், வரி மட்டும் கட்டித் தப்பிக்க முடியாது. இரண்டு வீரர்களைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. எதிர்காலத்தில் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் உரிமையிலும் கைவைப்பார்கள். எத்தனை பெரிய பணக்காரர் முதலாளியாக வந்தாலும், நட்சத்திரங்களை வாங்கிக் குவிக்கும் காலம் போய்விட்டது.

லேக்கர்ஸ் பக்கம்

1979-ல் ஜெர்ரி பஸ், லேக்கர்ஸோடு ஒரு ஐஸ் ஹாக்கி அணி, அரங்கம், பண்ணை எல்லாவற்றையும் சேர்த்து 6.75 கோடி டாலருக்கு வாங்கினார். 2025 ஜூனில் லேக்கர்ஸை விற்க அவரது குடும்பம் ஒப்புக்கொண்டபோது, அணியின் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். மவுசு கூடியிருக்கிறது, ஆனால், 2025 பிளே-ஆஃபில் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 எனத் தோற்று வெளியேறினார்கள். லூகாவுக்காக உயரமான ஆன்டனி டேவிஸைக் கொடுத்துவிட்டதால், வளையத்துக்குக் கீழே ஆள் பலம் போதவில்லை.

லெப்ரான் ஜேம்ஸுக்கு 2025-26 சீசன் 23-ஆவது. என்.பி.ஏ-வில் வேறு யாரும் இத்தனை சீசன் ஆடியதில்லை. ஆனால், நரம்பு வலியால் அந்த சீசனின் தொடக்க ஆட்டங்களில் அவர் இல்லை. அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு மட்டும் விடை தயார். லூகா, 2025-ல் 3 ஆண்டுகளுக்கு 16.5 கோடி டாலர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

யார் முந்துவார்கள்?

2025-ல் லேக்கர்ஸின் கை ஓங்கியிருந்தது. ஆனால், பாஸ்டனை எழுதித் தள்ளிவிட வேண்டாம். 2024 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் ஜெய்லன் பிரவுன் அங்கேதான் இருக்கிறார். சம்பளச் சுமையைக் குறைத்துக்கொண்டதால், புதிய ஆட்களைச் சேர்க்கவும் வழி பிறக்கும்.

இருவருமே மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 2019 முதல் 2025 வரை 7 ஆண்டுகளில் 7 வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றிருக்கின்றன. 2025-ல் வென்றது ஓக்லஹோமா சிட்டி. பில் ரஸல் காலத்தில் 13 சீசன்களில் 11 கோப்பைகளைக் குவித்த பாஸ்டனுக்கே, 17-லிருந்து 18-க்குப் போக 16 ஆண்டுகள் ஆயின.

லூகாவுக்குத் துணையாக வளையத்துக்குக் கீழே ஒரு நல்ல ஆள் அமைந்தால், 13-ஆவது முறையாகவும் இந்தப் பங்காளிகள் இறுதிப்போட்டியில் மோதலாம். 2010-க்குப் பிறகு அப்படியொரு ஆட்டத்தை ரசிகர்கள் பார்க்கவே இல்லை!