ஊர் அணிக்கு ஊரில் ஆட்டம் வேண்டும்

2021 ஏப்ரலில் இலங்கையில் சூப்பர் லீக் என்ற பெயரில் தொழில்முறை உதைபந்தாட்டத் தொடர் ஒன்று தொடங்கியது. 10 அணிகள். தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள் டிபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு வந்தன. கொழும்பு எப்.சி., ரினௌன், ரட்ணம் ஆகிய மூன்றும் தலைநகரின் கழகங்கள். மீதி நான்குதான் வெளியூர்: களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ். உதைபந்தாட்டம் என்றால் ஊரே திரண்டு வரும் யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

இந்த நான்கில் புத்தளம் மாவட்டத்தின் பெயரைச் சுமந்து நின்றது நியூ யங்ஸ். அதன் பின்னால் முகாம் எதுவும் கிடையாது. பெரிய நிறுவனமும் கிடையாது. தலைநகரத்துக்கு வெளியே இப்படி ஒரு கழகம் முதல் தரத்தில் எப்படி நின்றது, இதே கரையில் இன்னும் வடக்கே உள்ள கழகங்களால் ஏன் அது முடியவில்லை என்பதை அறிய, இந்தக் கரையையே கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு தாண்டி வடக்கே போகும் ஏ-3 வீதியில் மா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம். முதலில் வருவது வென்னப்புவ. அப்புறம் மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் நகரம். களப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம். தெற்குப் பாதியில் மாதா கோயில்கள் அடுத்தடுத்து வரும். வென்னப்புவ இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்க ஊர். ஆனாலும் நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையில், முந்திய தலைமுறைகளில் வீட்டில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் ஏராளம். உடப்பில் இன்றும் தமிழ்தான். வடக்குப் பாதியில் பள்ளிவாசல்களும் உப்பளங்களும். மொழியும் மதமும் ஊருக்கு ஊர் மாறும் இந்தக் கரையில், பின்னேரம் நாலரை மணிக்கு மைதானத்தில் நடப்பது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

வென்னப்புவவுக்கு வாய்த்த முதல் நன்மை மைதானம். இரண்டு தடவை நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த சேர் அல்பேர்ட் எப். பீரிஸ் பெயரில் அங்கே ஒரு விளையாட்டரங்கு இருக்கிறது. 1967இல் சபாநாயகர் பதவியில் இருந்தபோதே இறந்த அவர், பக்கத்து நாத்தாண்டியா தொகுதியின் உறுப்பினர். ஒரு சிற்றூரில் ஒழுங்கான அரங்கு இருந்தால் என்ன ஆகும்? பாடசாலைப் போட்டி, லீக் போட்டி, பழைய மாணவர் போட்டி எல்லாம் அங்கே வரும். பத்து வயதுப் பையன் வேலியோரம் நின்று பெரியவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பான். ஐந்தாறு வருடத்தில் அவனே உள்ளே ஓடுவான். பயிற்றுநர் சொல்லித்தருவதில் பாதியை இவன் வேலிக்கு வெளியே நின்றே கற்றிருப்பான்.

இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். வென்னப்புவ, மாரவில பகுதியிலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் அவ்வளவு பேர் என்பதால் ‘குட்டி இத்தாலி’ என்றே அந்த ஊரைச் சொல்வார்கள். அங்கே உழைத்த காசில் எழுந்த மாடி வீடுகளை வீதியில் போகும்போதே பார்க்கலாம். ஊர் விளையாட்டுக்கும் அந்தக் கை நீள்கிறது. ஆனால் அதே பாதைதான் வீரர்களையும் கொண்டுபோகிறது. இருபது வயதில் நன்றாக ஆடும் ஒருவனுக்கு விசா கிடைத்தால், லீக் முடியட்டும் என்று அவன் காத்திருக்க மாட்டான். காத்திரு என்று சொல்ல எந்தச் செயலாளருக்கும் மனம் வராது.

ஒரு சாதாரண ஊர்க்கழகத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகும். வெளியூரில் ஓர் ஆட்டம் என்றால் வான் வாடகை, நடுவர் கட்டணத்தில் பங்கு, பதினெட்டுப் பேருக்குச் சோற்றுப் பார்சல், ஐஸ், வலி மருந்து, கிழிந்த பூட்ஸுக்குப் பதில் ஒரு சோடி. காயம்பட்டவனுக்கு எக்ஸ்ரே எடுத்தால் அது தனி. வரவுப் பக்கத்தில் இருப்பவை உறுப்பினர் சந்தா, ஒரு கடைக்காரர் தந்த நன்கொடை, சுற்றுப்போட்டியில் வென்ற பரிசுப் பணம். தொலைக்காட்சிப் பங்கும் இல்லை, நுழைவுச்சீட்டு வருமானமும் இல்லை. குறைகிற தொகை செயலாளரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. இலங்கையின் மாகாண உதைபந்தாட்டத்தை இத்தனை ஆண்டும் தாங்கி வந்தது அந்தச் சட்டைப்பைதான்.

படை அணிகள் வந்து அழைப்பதும் இங்கேதான். தரைப்படையிலோ பொலிசிலோ சேர்ந்தால் மாதச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், பிற்காலத்தில் ஓய்வூதியம். காலையும் மாலையும் பயிற்சி. கடலுக்குப் போய்வந்த களைப்போடு ஆடிய பையன், வேலையே பந்துதான் என்ற நிலைக்கு வருகிறான். எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? படை அணிகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; அவை இல்லையென்றால் நம் வீரர்களில் பலர் இருபத்தைந்து வயதுக்குமேல் ஆடியிருக்கவே மாட்டார்கள். ஆனால் வளர்த்த கழகத்துக்கு அதனால் ஒரு சதமும் வருவதில்லை. உலக அளவில் ஒரு வீரன் தொழில்முறை ஒப்பந்தத்துக்குப் போகும்போது, அவனை வளர்த்த கழகங்களுக்குப் பயிற்சி இழப்பீடு தரவேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. நம் ஊரில் படைக்குச் சேர்வது கழக மாற்றம் அல்ல, வேலைவாய்ப்பு. கழகம் கையசைத்து அனுப்பிவிட்டு அடுத்த பையனைத் தேடுகிறது.

புத்தளம் நகரத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தால் கதை வேறு. இங்கே உதைபந்தாட்டம் முஸ்லிம் ஊர்களின் விளையாட்டு. இங்கிலாந்துக் கழகங்களின் பெயரைத் தாங்கிய அணிகளும் உண்டு. கம்பளையில் கிறிஸ்டல் பேலஸ் இருப்பதுபோலத்தான். 1990 அக்டோபரில் விடுதலைப்புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சுமார் 75,000 பேர் கையில் கிடைத்ததோடு கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து இறங்கியது புத்தளம் மாவட்டத்தில். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்கள் நாகவில்லுவில் குடியேறி, பாடசாலைக்கும் தங்கள் ஊர்ப்பெயரையே வைத்தார்கள். வீடு, காணி, வள்ளம் எல்லாவற்றையும் இழந்துவந்தவர்கள் ஊர்ப்பெயரை இழக்க விரும்பவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் உதைபந்தாட்ட அணி வெறும் பதினொரு பேர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் பெயரைக் கூவி அழைக்க ஓர் இடம் அது. வந்தவர்களும் ஏற்கெனவே இருந்தவர்களும் தண்ணீர், காணி, வேலை என்று பலதில் உரசிக்கொண்ட காலத்தில், இரு தரப்பும் விதிகளுக்குட்பட்டு மோதிக்கொள்ள மைதானம் இருந்தது. இதைப் பற்றி யாராவது ஒருவர் விரிவாக எழுதிவைக்க வேண்டும். அன்று ஆடியவர்களுக்கு இப்போது ஐம்பது வயது.

அப்படியிருந்தும் வடக்குப் பாதியின் கழகங்கள் தேசிய முதல் தரத்தில் வேரூன்றவில்லை. ஆட்டம் குறைவு என்பதால் அல்ல. கொழும்பு சுமார் 130 கிலோமீட்டர் தூரம். ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் ஒரு முழு நாள் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும். இந்தக் கரையின் மீனவர்கள் பலர் அப்போது முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலை என்று கிழக்குக் கரையில் வாடி அடித்துத் தொழில் செய்வார்கள். நல்ல பின்கள வீரன் ஒருவன் திடீரென்று மூன்று வாரம் காணாமற்போனால், அவன் கொக்கிளாயில் வலை இழுத்துக்கொண்டிருப்பான். முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதம் வேறு இருக்கிறது. கொழும்பு மேசையில் போடும் அட்டவணை இந்த இரண்டையும் கணக்கில் எடுப்பது அபூர்வம்.

உலகத்தில் மாகாணக் கழகங்கள் தலைநகரை முந்திய இடங்கள் உண்டு. மத்திய அமெரிக்காவைப் பார்க்கலாம். அவை நம்மைவிடப் பணக்கார நாடுகள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஹொண்டுராசில் தேசிய லீக் 1965இல் தொடங்கியபோது முதல் கோப்பையை எடுத்தது தலைநகர் அணி அல்ல. புவேர்ட்டோ கோர்ட்டெஸ் என்ற துறைமுகப் பட்டினத்தின் பிளாட்டென்சே. அந்தக் கழகம் பிறந்ததே 1960இல்தான். எல் சல்வடோரில் சாண்டா ஆனா நகரத்தின் ஃபாஸ் கழகம் 1979இல் வட, மத்திய அமெரிக்கப் பிராந்தியத்துக்கே சம்பியன் ஆனது. நிக்கராகுவாவில் புகையிலை விளையும் மலையூரான எஸ்டெலியின் ரியல் எஸ்டெலி, 2024 பெப்ரவரியில் அதே பிராந்தியத் தொடரில் மெக்சிக்கோவின் பெருங்கழகமான அமெரிக்காவைத் தன் ஊரிலேயே 2–1 என்று வென்றது. மறு ஆட்டத்தில் தோற்று வெளியேறியது என்பது உண்மை. ஆனால் மெக்சிக்கோவின் நட்சத்திரங்கள் அந்த மலை நகரத்துக்கு வந்து ஆடியே ஆகவேண்டியிருந்தது.

இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். அங்கே லீக் என்றால் பாதி ஆட்டம் கட்டாயம் சொந்த ஊரில். வாரம் மாறி வாரம் மக்கள் சீட்டு வாங்கி வருவார்கள். கடலைக்காரர் முதல் பஸ்காரர் வரை நாலு பேருக்கு வருமானம். உள்ளூர் வானொலியில் வர்ணனை. அப்படி இருபது ஆண்டு ஓடினால் கழகம் தானாக நிலைத்துவிடும். நம் சூப்பர் லீக்கில் ஆட்டங்கள் பல கொழும்பின் சுகததாச, ரேஸ்கோர்ஸ் அரங்குகளில் நடந்தன. கொரோனாக் காலம் என்ற நியாயம் இருந்தது. ஆனால் வென்னப்புவக்காரருக்குத் தன் அணியைப் பார்க்கக் கைப்பேசித் திரைதான் வாய்த்தது.

அந்தத் தொடரில் பட்டம் வென்றது ஒரு வெளியூர் அணியே: களுத்துறை புளூ ஸ்டார். 2022 ஏப்ரலில் ஏ.எப்.சி. கிண்ணத்தில் நேபாளத்தின் மச்சிந்திராவை 2–1 என்று வீழ்த்தி, கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5–0 என்று தோற்றுத் திரும்பியது. அதற்குள் நாட்டில் எரிபொருள் வரிசை நீண்டுவிட்டது. 2023 ஜனவரியில் ஃபிஃபா, நிர்வாகத்தில் வெளித்தலையீடு என்று சொல்லி இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. சம்மேளனம் முடங்கினால் படை அணியின் சம்பளம் நிற்காது; முகாமில் பயிற்சி தொடரும். ஊர்க்கழகத்துக்கோ ஒரு பருவம் தவறினால் ஆதரவாளர் போய்விடுவார், பயிற்றுநர் வேறு வேலை பார்ப்பார், பதினேழு வயதுப் பையன் கடலுக்கோ கடவுச்சீட்டு அலுவலகத்துக்கோ போய்விடுவான். இந்த இடைவெளிகளின் விலையைக் கொடுப்பது எப்போதும் வெளியூர்தான்.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. தேசிய லீக்கில் ஒவ்வொரு கழகமும் பாதி ஆட்டத்தைத் தன் மாவட்டத்தில் ஆடவேண்டும் என்ற விதி வேண்டும். வென்னப்புவவில் அரங்கு ஏற்கெனவே இருக்கிறது. அட்டவணையை ஓராண்டு முன்னதாக அறிவித்து, பருவக்காற்றையும் நோன்பையும் பார்த்துப் போடவேண்டும். படையில் சேரும் ஒவ்வொரு வீரனுக்கும், அவனை வளர்த்த கழகத்துக்கு ஒரு சிறு தொகையைப் படை விளையாட்டு நிதியிலிருந்து கொடுக்கலாம். பத்துச் சோடி பூட்ஸுக்கும் ஒரு பருவத்து வான் வாடகைக்கும் அது போதும்.