டிவி இன்டர்ன்ஷிப்: சர்டிஃபிகேட் ஓகே... வாடகைக்கு என்ன பண்றது?

சனிக்கிழமை ராத்திரி. திருப்பூரில் நாங்க நாலு பேர் தங்கியிருந்த வீட்டில் கணக்குப் பார்க்கும் நேரம். மூணு ரூம்மேட்ஸும் பனியன் கம்பெனி. ஒன்றரை ஷிப்ட் பார்த்த வாரச் சம்பளம் கையில் இருக்கும். டிவி சேனல் இன்டர்னான என்கிட்ட பஸ் டிக்கெட்தான். ரெண்டு மாசம் என் பங்கு வாடகையை அவங்கதான் கட்டினாங்க.

ஏன் இந்த வித்தியாசம்?

அவர்கள் சட்டப்படி தொழிலாளர்கள். குறைந்தபட்சக் கூலி உண்டு. கல்லூரி அனுப்பும் இன்டர்ன், மாணவர். சம்பளம் தரணும்னு பொதுவான கட்டாயம் இல்லை.

அப்ரண்டிஸ் வேறயா?

ஆமாம். 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவானால் உதவித்தொகை கட்டாயம். 2019 விதித் திருத்தம் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்றது.

வேலையில் சேர்ந்த பிறகு?

1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சு ஊடகத்துக்கு மட்டும்தான் பொருந்தியது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புதான் டிவி, டிஜிட்டல் செய்தியாளர்களையும் உள்ளே கொண்டுவந்தது.

சேரும் முன் என்ன கேட்கணும்?

* எத்தனை வாரம், என்ன வேலை? எழுத்தில் வாங்குங்க.
* உதவித்தொகை இல்லைன்னா, பயணச் செலவாவது உண்டா?
* ராத்திரி ஃபீல்டுக்குப் போனா கூட யார் வருவாங்க?

கேட்டா வாய்ப்பு போயிடுமோன்னு நான் கேட்கவே இல்லை. டெய்லர் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "ஏனுங்க தம்பி, ரேட் பேசாம யாராச்சும் மெஷின்ல உக்காருவாங்களா?"