சிகரெட்டை விட விஆர் கண்ணாடி: மனச்சிதைவு உள்ளவர்களுக்கு உதவுமா?

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவர் பீடி, சிகரெட் பிடிப்பவராகவும் இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். "அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதானே"ன்னு வீட்டில் விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் இவர்களின் ஆயுளைக் குறைப்பதில் இதய, நுரையீரல் நோய்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

டீ கிளாஸைக் கையில் எடுத்ததும் சிகரெட் ஞாபகம் வருதில்லையா? அந்தத் தூண்டுதலைத்தான் விஆர் பயிற்சி குறிவைக்கிறது. கண்ணாடியை மாட்டினால் ஒரு விருந்து அறை. பக்கத்தில் ஒருவர் பற்றவைக்கிறார், இன்னொருவர் பாக்கெட்டை நீட்டுகிறார். ஆசை எழும். ஆலோசகர் அருகிலேயே இருப்பார். "வேண்டாம்"னு சொல்லிப் பழகலாம். ஆசை தானாகத் தணியும்வரை காத்திருந்தும் பார்க்கலாம். அமெரிக்காவில் பேட்ரிக் போர்ட்னிக் குழுவினர் 2000-களிலேயே இத்தகைய அறைகளை உருவாக்கினர்.

இல்லாத குரல் கேட்பவருக்கு இல்லாத உலகத்தைக் காட்டலாமா? நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் 346 பேரிடம் நடந்த 'கேம்சேஞ்ச்' ஆய்வு 2022-ல் வெளியானது. மனநோயால் வெளியே போகவே பயந்தவர்கள் விஆரில் கடை, பேருந்து என்று பழகினார்கள், பயம் குறைந்தது. ஆனால் இவர்கள் புகையை விடுவதற்கான விஆர் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆன்லைனில் ஹெட்செட் வாங்கி நீங்களே மாட்டிவிட வேண்டாம்.

எந்த வழியில் நிறுத்தினாலும் ஒரு விஷயம் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். க்ளோசபைன், ஒலான்சபைன் மருந்துகளை உடலிலிருந்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை சிகரெட் புகை முடுக்கிவிடும். புகையை நிறுத்தினால் சில நாட்களில் அந்த வேகம் குறைந்து, அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். அதிகத் தூக்கம், தள்ளாட்டம், வலிப்புகூட வரலாம். நிகோடின் சூயிங்கம் போட்டாலும் இது மாறாது. நொதியை முடுக்குவது புகைதான், நிகோடின் இல்லை. வார்டில் சேர்ந்து புகைக்காமல் இருந்தவர் வீட்டுக்கு வந்து மறுபடி பற்றவைத்தால் நேர்மாறாக மருந்து குறைந்துவிடும்.

அதனால் நிறுத்தும் தேதியை மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்க. மாத்திரை அளவை அவர்தான் மாற்றணும், நீங்களா கை வைக்காதீங்க. புகையிலையை விட ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் உண்டு. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அழைக்கும்போது மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்க.